வீட்டு ஆம்ப்ளிஃபயரில் சிறு பாகங்களை மாற்றினால் ஒலி மேம்படுமா? சோதித்து முடிவு செய்யும் முறை

கோவையிலும் ஈரோட்டிலும் பழைய ஆம்ப்ளிஃபயரையோ அசெம்பிள் செட்டையோ தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏனுங்கண்ணா, உள்ள இருக்கற கண்டன்சரையெல்லாம் ஒசத்தியானதா மாத்திப் போட்டா சத்தம் இன்னும் தெளிவா வருமுங்களா?” கேட்பவரின் ஆசை நியாயமானது. கண்டன்சர் என்று அவர் சொல்வது, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் என்னும் பாகத்தை. ஒரே மதிப்புள்ள கெப்பாசிட்டர் பத்து ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இவ்வளவு விலை வேறுபாட்டுக்கு ஏதாவது காரணம் இருக்கத்தானே வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். 1980இல் வால்ட் யூங், ரிச்சர்ட் மார்ஷ் ஆகிய இருவரும் கெப்பாசிட்டர் வகைகளைப் பற்றி ஓர் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரை இந்த விவாதத்தைப் பரவலாக்கியது. அது இன்றும் ஓயவில்லை.

சிறு பாகம் ஒன்று ஒலியை மாற்றுமா என்பதை அதன் விலை தீர்மானிப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. சர்க்யூட்டில் அது அமர்ந்திருக்கும் இடம், அதன் மதிப்பு, இன்று அது இருக்கும் நிலை ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. கெட்டுப்போன பாகத்தையும் தவறான மதிப்புள்ள பாகத்தையும் மாற்றினால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். நல்ல நிலையில், சரியான மதிப்பில் இருக்கும் பாகத்தை எடுத்துவிட்டு அதே மதிப்பில் விலையுயர்ந்த ஒன்றை வைத்தால், பெரும்பாலான இடங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்த ஜி. டி. நாயுடுவின் ஊர் கோயம்புத்தூர். விலை வேறு, தரம் வேறு என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் கண்டறிய வேண்டும். அதற்கும் முன்பாகப் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், சப்ளை மின்சாரத்தைச் சமன்படுத்தும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பியைப் பற்றவைத்து, அதைக் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் பதினைந்து விநாடி வைத்திருங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து, ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியதை உறுதி செய்த பின்னரே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடும் பழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. இந்த முறை 50, 60 வோல்ட் அளவில் இயங்கும் டிரான்சிஸ்டர், ஐசி செட்டுகளுக்கே பொருந்தும். வால்வு ரேடியோவுக்குள் 250, 300 வோல்ட் டி.சி. இருக்கும் என்பதால், அதைப் பழகாதவர்கள் திறக்கவே வேண்டாம்.

முதலில் காதால் கண்டறிதல்

குறை எது என்பதை வார்த்தையில் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. “சத்தம் நல்லா இல்லை” என்பது போதாது. இரண்டு பக்கமும் அப்படியா, ஒரு பக்கம் மட்டுமா? சூடான பிறகு வருகிறதா, போட்டவுடனே வருகிறதா? வால்யூமைக் குறைத்தால் குறைகிறதா, குறையாமல் அப்படியே நிற்கிறதா? இவற்றுக்கு விடை கிடைத்தால், பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் குறை இருந்தால், செட்டை நிறுத்திவிட்டு, பின்னால் உள்ள உள்ளீட்டு ஒயர்களை இடம் வலம் மாற்றிச் செருகிப் பாருங்கள். குறையும் பக்கம் மாறினால் பழுது செட்டுக்கு வெளியே, பாடலை அனுப்பும் கருவியிலோ ஒயரிலோ இருக்கிறது. மாறவில்லை என்றால் ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலம் மாற்றுங்கள். இப்போது குறை மற்றப் பக்கத்துக்குப் போனால் பழுது ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது. அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் பழுது ஸ்பீக்கரில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இரைச்சலிலும் இரண்டு வகை உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டியதும் அதன் துடிப்பு 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். எனவே ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்ம்’ என்னும் ஒலி 100 ஹெர்ட்ஸ் சுருதியில், வால்யூம் திருகலைப் பொருட்படுத்தாமல் ஒரே அளவில் இருந்தால், ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் எர்த் இணைப்பு, ஷீல்டு அறுந்த ஒயர், டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகில் போகும் உள்ளீட்டுக் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் அலைவரிசை காட்டும் செயலி ஒன்றை நிறுவி ஸ்பீக்கர் முன் பிடித்தால் இந்த இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம்.

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிப் பகுதிகளில் மூன்றாவது வகையும் உண்டு. பக்கத்துக் கூடத்தில் மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்கும். இதற்கு மெயின் மின்சார வாயிலில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வைக்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஓரளவு உதவும். ஆனால் அந்த இடத்தில் ‘எக்ஸ் 2’ என்று அச்சிடப்பட்ட, 275 வோல்ட் ஏ.சி. தாங்கும் வகையைத்தான் வைக்க வேண்டும். சாதாரண பாலிஎஸ்டர் கெப்பாசிட்டரை வைப்பது தீ விபத்துக்கு வழி. ஏற்கெனவே உள்ள எக்ஸ் 2 கெப்பாசிட்டரும் ஆண்டுகள் போகப்போக மதிப்பு குறைந்துவிடும் இயல்புடையது என்பதால் அளந்து பார்ப்பது நல்லது.

ஃபில்டர் கெப்பாசிட்டர்

வீட்டின் மேல்நிலைத் தொட்டி எப்படி மோட்டார் ஓடாத நேரத்திலும் குழாயில் தண்ணீர் வரச் செய்கிறதோ, அப்படித்தான் இந்தப் பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் ஏ.சி. அலையின் இறக்க நேரத்தில் சர்க்யூட்டுக்கு மின்னோட்டம் தருகிறது. அதன் மதிப்பு போதாவிட்டால் சப்ளை மின்னழுத்தம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது: ஆம்பியரில் உள்ள மின்னோட்டத்தை 100ஆல் வகுத்து, வந்த விடையைப் ஃபாரட்டில் உள்ள கெப்பாசிட்டர் மதிப்பால் வகுக்க வேண்டும். ஓர் ஆம்பியர் இழுக்கும் செட்டில் 2200 மைக்ரோ ஃபாரட் இருந்தால் ஏறத்தாழ 4.5 வோல்ட் ஏறி இறங்கும். 4700 இருந்தால் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். 10,000 இருந்தால் ஒரு வோல்ட். குறைந்த விலை அசெம்பிள் போர்டுகளில் 1000 அல்லது 2200 மட்டுமே வைத்திருப்பார்கள். அங்கே 4700 அல்லது 6800 போட்டால், உரத்த பாஸ் ஒலிகளின் போது முன்பு கேட்ட கரகரப்பு குறைவதைக் கேட்கலாம். அதற்காக 47,000 வரை போக வேண்டாம். சுவிட்ச் போடும் கணத்தில் டயோடு பிரிட்ஜ் தாங்க வேண்டிய மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும், ஃபியூஸும் அடிக்கடி போகும்.

மதிப்பைக் காட்டிலும் வெப்பமே நம் பகுதியில் முக்கியம். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை, வைகாசி வெயிலில் அறையே அனலாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரை ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவையும் மூடிவிட்டால் உள்ளே 65 டிகிரி செல்சியஸை எட்டுவது இயல்புதான். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ‘85 டிகிரி, 2000 மணி நேரம்’ என்று குறிக்கப்பட்ட ஒன்று 65 டிகிரியில் 8000 மணி நேரம் வரும். நாளுக்கு நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஐந்தரை ஆண்டு. ‘105 டிகிரி, 2000 மணி நேரம்’ வகை அதே இடத்தில் 32,000 மணி நேரம், அதாவது இருபது ஆண்டுக்கு மேல் வரும். இரண்டுக்கும் விலை வேறுபாடு சில ரூபாய்தான். கூடுதலாகச் செலவழிக்கத் தகுந்த இடம் எது என்று கேட்டால், இந்த 105 டிகிரி என்ற எழுத்துக்கு நான் தயங்காமல் பணம் கொடுப்பேன். ஷோகேஸ் கதவைத் திறந்து வைப்பதும், திருப்பூர்ப் பக்கம் என்றால் காற்றுத் துளைகளில் அடைந்த பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுவதும் அதைவிட மலிவான மருத்துவம்.

தலை உப்பிய கெப்பாசிட்டரையும் அடியில் பழுப்புக் கசிவு தெரியும் கெப்பாசிட்டரையும் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். வெளியே நன்றாகத் தெரிபவற்றை, உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் 1000 மைக்ரோ ஃபாரட் என்று சரியாகக் காட்டும் கெப்பாசிட்டருக்குள்ளேயே உள்தடை பல ஓம்களுக்கு ஏறியிருக்கக் கூடும். நல்ல நிலையில் அந்தத் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். புதிதாகப் போடும் கெப்பாசிட்டரின் வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் பாதையில் உள்ள கெப்பாசிட்டர்

விவாதங்கள் எல்லாம் இந்தக் கப்ளிங் கெப்பாசிட்டரைச் சுற்றியே நடக்கின்றன, அதற்குக் காரணமும் உண்டு. பாடல் நேரடியாக இதன் வழியாகத்தான் போகிறது. டி.சி.யைத் தடுத்து ஏ.சி.யை விடுவது இதன் வேலை. ஆனால் அடுத்து இருக்கும் தடையுடன் சேர்ந்து, குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே உள்ள பாஸ் ஒலியையும் இது குறைத்துவிடும். அந்த எல்லையைக் கணக்கிட, தடையையும் கெப்பாசிட்டர் மதிப்பையும் பெருக்கி, மேலும் 6.28ஆல் பெருக்கி, 1ஐ அந்த விடையால் வகுக்க வேண்டும். 10 கிலோ ஓம் தடைக்கு முன்னால் 0.1 மைக்ரோ ஃபாரட் இருந்தால் எல்லை 159 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் தவிலின் அடிநாதமும் மெலிந்துபோகும். அதே இடத்தில் 1 மைக்ரோ ஃபாரட் வைத்தால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 2.2 வைத்தால் 7 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. ஆனாலும் எல்லைக்கு அருகில் சற்றுக் குறைவு இருக்கும் என்பதால் 2.2 பொருத்தமான தேர்வு. அதற்கு மேல் 10, 22 என்று ஏற்றினாலும் கேட்கும் பாஸ் ஒலி கூடிவிடாது.

மதிப்பு சரியாக இருக்கும்போது வகை முக்கியமா? ஓரளவுக்கு ஆம். செராமிக் கெப்பாசிட்டர்களில் ‘எக்ஸ் 7 ஆர்’ போன்ற வகைகளின் மதிப்பு, அவற்றின் மேல் விழும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும். சிக்னல் ஏறி இறங்கும்போது மதிப்பும் மாறினால் அது ஒலித் திரிபுதான், கருவியில் அளந்தே காட்டலாம். சிக்னல் பாதையில் செராமிக் வேண்டுமென்றால் ‘சி 0 ஜி’ அல்லது ‘என்.பி. 0’ வகையைப் பயன்படுத்துங்கள். பெரிய மதிப்புகளுக்குப் பாலிஎஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் போதும். எலக்ட்ரோலிடிக்கும் திரிபு தரும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே சிக்னல் மின்னழுத்தம் விழுந்தால்தான் அந்தத் திரிபு எழும். மதிப்பைத் தேவைக்கு மேல் சில மடங்கு பெரிதாக வைத்தால், பாடலின் அலைவரிசைகளில் அந்த மின்னழுத்தம் மிகச் சிறிதாகிவிடும், திரிபும் அதோடு அடங்கிவிடும். ஆகவே ஐந்து ரூபாய் எலக்ட்ரோலிடிக்கை 10 அல்லது 22 மைக்ரோ ஃபாரட் அளவில் சரியான முனைப்படி வைத்த செட், ஐயாயிரம் ரூபாய் கெப்பாசிட்டர் வைத்த செட்டுக்குக் கேட்கும் அளவில் எந்த விதத்திலும் குறைந்ததாகாது. பாலிப்ரொப்பிலீனுக்கு நான் தரும் ஒரே முன்னுரிமை, அது உலர்ந்துபோவதில்லை என்பதுதான்.

ரெசிஸ்டர்

எல்லாத் தடைக்கும் வெப்பத்தால் எழும் ஓர் இயல்பான இரைச்சல் உண்டு. 10 கிலோ ஓம் தடையில், காது கேட்கும் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரம்புக்குள், அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 1.8 மைக்ரோ வோல்ட். சி.டி. பிளேயர் தரும் 2 வோல்ட் சிக்னலுக்கு இது 120 டெசிபல் கீழே; எந்தக் காதுக்கும் எட்டாது. ஆனால் இசைத்தட்டு பிளேயரின் ஊசி தரும் 5 மில்லி வோல்ட் சிக்னலோடு ஒப்பிட்டால் 70 டெசிபலுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளிதான் இருக்கும், அமைதியான இடங்களில் ‘உஸ்’ என்று கேட்கத் தொடங்கும். ஒரே ரெசிஸ்டர், ஒரு மூலையில் பொருட்டல்லாததாகவும் இன்னொரு மூலையில் முக்கியமானதாகவும் இருக்கிறது. ஃபோனோ (இசைத்தட்டு பிளேயருக்கான உள்ளீடு), மைக் ஆகியவற்றின் முதல் நிலையில் பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் இருந்தால் மெட்டல் ஃபிலிம் போடுங்கள். கார்பன் வகைக்கு வெப்ப இரைச்சலுக்கு மேல் தன்னுடைய இரைச்சலும் உண்டு. மற்ற இடங்களில் மதிப்பு மாறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டர் கருகியிருந்தால் அது இன்னொரு பழுதின் அடையாளம். அதை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிட வேண்டாம்.

ரிலே, வால்யூம், பற்றவைப்பு

வீட்டு ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி கெடுவதற்குக் கெப்பாசிட்டரின் வகையைவிடத் தொடர்பு முனைகளே பலமடங்கு காரணமாகின்றன என்பது பழுது பார்ப்பவர்கள் அனைவரும் அறிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் ஈரக்காற்று பொள்ளாச்சி வட்டாரத்துக்குக் கொடுக்கும் குளிர்ச்சி இனிமையானதுதான். ஆனால் செம்பு, வெள்ளி முனைகளுக்கு அது ஆகாது.

பொள்ளாச்சித் தோப்பு வீடு ஒன்றிலிருந்து வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இங்கே சொல்லலாம். மெதுவாகப் பாட்டு வைத்தால் வலப்பக்கம் மங்கி, கொரகொரத்து, சில சமயம் காணாமலே போகும். வால்யூமை உரக்கத் திருப்பியதும் ‘சட்’டென்று தெளிந்துவிடும், பிறகு மெதுவாக்கினாலும் கொஞ்ச நேரம் நன்றாகவே இருக்கும். வீட்டுக்காரர் அதற்குள் சிக்னல் பாதையின் கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்றி முடித்திருந்தார். மூடியைக் கழற்றி, பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்சான ரிலேயின் பிளாஸ்டிக் கூட்டைப் பேனாவின் பின்புறத்தால் தட்டினோம்; தட்டத் தட்ட வலப்பக்கம் வந்து வந்து போயிற்று. ரிலேயைப் பிரித்தபோது அதன் வெள்ளி முனைகள் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. சிறிய சிக்னல் அந்தக் கறையைக் கடக்க முடியாமல் திணறியது. பெரிய சிக்னல் அதை உடைத்துக்கொண்டு போயிற்று. உள்ளே உள்ள கம்பிச் சுருளின் வோல்ட்டும் முனைகளின் ஆம்பியரும் பொருந்திய புதிய ரிலே ஒன்று நூறு ரூபாய்க்குள் முடிந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் பழக்கம் வேண்டாம், வெள்ளிப் பூச்சே போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த காகிதத் துண்டை இடையில் இழுப்பது புது ரிலே வரும் வரைக்குமான ஏற்பாடு.

வால்யூம் கண்ட்ரோல் திருகும்போது ‘கரகர’ என்றால், ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் அதன் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே டி.சி. மின்னழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சில மில்லி வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முன்னால் உள்ள கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது என்று பொருள்; எத்தனை முறை துடைத்தாலும் கரகரப்பு திரும்ப வரும். டி.சி. இல்லை என்றால் எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது முறை திருகினால் சரியாகிவிடும். துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள். அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிகக் குறைந்த வால்யூமில் மட்டும் ஒரு பக்கம் உரக்கக் கேட்டால், இரட்டைக் கண்ட்ரோலின் இரு தடங்களும் ஒத்துப்போகவில்லை. கண்ட்ரோலையே மாற்ற வேண்டும்.

பற்றவைப்பை வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியால் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், ஸ்பீக்கர் முனை போன்ற கனமான பாகங்களின் காலைச் சுற்றி முடி அளவு வட்ட விரிசல் தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்டுப்போன பற்றவைப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால், பல ஆயிரம் ரூபாய் பாகங்களால் கிடைக்காத தெளிவு கிடைத்துவிடும்.

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர்

உயர்ந்த ஒலிகளையும் தாழ்ந்த ஒலிகளையும் பிரித்து உரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் சர்க்யூட் இது. கெப்பாசிட்டரின் நிலை காதுக்கு நேரடியாகத் தெரியும் இடம் இதுதான். உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 4.7 மைக்ரோ ஃபாரட் இருந்தால், ட்வீட்டர் ஏறத்தாழ 4200 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யத் தொடங்கும். இருபது ஆண்டுப் பழைய நான்-போலார் (பிளஸ், மைனஸ் வேறுபாடு இல்லாத) எலக்ட்ரோலிடிக் உலர்ந்து 3.3க்கு இறங்கிவிட்டால் அந்த எல்லை 6000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இடையில் உள்ள வயலின், குரல் ஆகியவற்றின் துல்லியம் போய்விடும். கழற்றி அளங்கள், பத்து விழுக்காட்டுக்கு மேல் மாறியிருந்தால் இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய எலக்ட்ரோலிடிக்கின் உள்தடை ட்வீட்டரைச் சிறிது அடக்கி வைத்திருக்கும். தயாரிப்பாளரும் அதைக் கணக்கில் கொண்டே வடிவமைத்திருக்கக் கூடும். புதியதில் அந்தத் தடை இல்லாததால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கூர்மையாகிவிட்டதாகத் தோன்றினால், அரை முதல் ஓர் ஓம் வரை, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்துப் பாருங்கள். புதிய பாகம் கூர்மையாகக் கேட்டதால் அது சிறந்தது என்று முடிவுகட்டுவதில் இருக்கும் சிக்கல் இதிலிருந்து புரியும்.

ஆப்-ஆம்ப் ஐசி மாற்றுவோர் கவனத்துக்கு

சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசிகளில் 4558ஐ எடுத்துவிட்டு என்.இ. 5532 போடுவது வழக்கமாகிவிட்டது. ஃபோனோ, மைக் நிலைகளில் இரைச்சல் குறையும், அதில் பொருள் உண்டு. சி.டி. பிளேயர் போன்றவற்றின் சிக்னல் வரும் லைன் நிலையில், 2 வோல்ட் சிக்னலின் 20 கிலோ ஹெர்ட்ஸ் ஒலிக்கு மின்னழுத்தம் மாற வேண்டிய வேகம் ஒரு மைக்ரோ விநாடிக்கு 0.36 வோல்ட்தான், 4558 ஐசியே அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தரும். டி.எல். 072 என்னும் இன்னொரு ஆப்-ஆம்ப் இருக்கும் இடத்தில் 5532 போட்டால் அதன் உள்ளீட்டு மின்னோட்டம் கூடுதல் என்பதால், இதுவரை அமைதியாக இருந்த வால்யூம் கரகரக்கத் தொடங்கலாம். இன்னும் வேகமான ஐசிகளைப் போடுவோர், சப்ளை கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் அது தானே ஊசலாடி, சூடாகி, ஒலியையும் கெடுக்கும். இந்த இடத்தில் செராமிக்தான் வேண்டும். சிக்னல் பாதைக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. 2என் 3055 போன்ற பவர் டிரான்சிஸ்டர்களிலும் இந்த ஐசிகளிலும் மேலெழுத்தை அழித்து வேறு எழுத்து அச்சிட்ட போலிகள் உலவுகின்றன. காந்திபுரத்தில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தாலும் பில் தரும் கடையில் வாங்குங்கள்.

ஃபியூஸைப் பற்றி ஒரு வரி போதும். அது ஒலியை மாற்றாது. அதே ஆம்பியரில் போடுங்கள், கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள்.

மாற்றிய பிறகு

வேலை முடிந்த செட்டை நேரடியாக மெயினில் செருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு தொடரில் இருக்கும் சீரிஸ் போர்டில் போடுங்கள், எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நலம். பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். பிறகு ஸ்பீக்கரை இணைக்காமல் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. அளங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். 100க்கு மேல் இருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை இணைக்க வேண்டாம்.

கெட்ட பாகத்தை மாற்றியிருந்தால் முன்னேற்றம் தெரிந்துவிடும், சோதனை தேவையில்லை. நல்ல பாகத்தை எடுத்துவிட்டு இன்னும் உயர்ந்த ஒன்றைப் போட்டிருந்தால்தான் நேர்மையான சோதனை தேவை. காசு செலவழித்த காது, செலவழித்ததற்காகவே நன்றாக இருக்கிறது என்று சொல்லும். இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950இலேயே, ஒலிப்பது எது என்று தெரியாமல் கேட்டு ஒப்பிடும் முறையை வகுத்து எழுதினர்; 1982இல் டேவிட் கிளார்க் அதை ஆடியோ கருவிகளுக்குப் பொருத்தி விளக்கினார்.

வீட்டில் இதைச் செய்ய வழி உண்டு. இரண்டு சேனல்களிலும் ஒரே நேரத்தில் மாற்றாமல், இடது சேனலில் மட்டும் புதிய பாகத்தைப் போடுங்கள். ஒரே மோனோ ஒலிப்பதிவை இரண்டு சேனலுக்கும் அனுப்புங்கள். இரு கம்பிகளையும் சேர்த்துத் துண்டித்து, முதல் இணைப்பு விட்ட பிறகே அடுத்ததைப் பிடிக்கும் இருவழி சுவிட்ச் ஒன்றால், ஒரே ஸ்பீக்கரை இரண்டு சேனலுக்கும் மாற்றி மாற்றி இணைக்க ஏற்பாடு செய்யுங்கள். 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் இரு சேனல்களின் ஏ.சி. மின்னழுத்தத்தையும் 2 விழுக்காட்டுக்குள் சமப்படுத்துங்கள். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளக்காது என்பதால்தான் 200 என்கிறேன். இந்தச் சமப்படுத்தலைத் தவிர்த்தால் சோதனையே வீண், ஏனெனில் சற்று உரத்த ஒலி எப்போதும் நல்ல ஒலியாகவே கேட்கும்.

சுவிட்சை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்து, நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி எந்தச் சேனல் என்று முடிவு செய்து குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுச் சொல்வதைத் தனியாக எழுதுங்கள். பத்து முறையில் குறைந்தது ஒன்பது முறை சரியாக இருந்தால், குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு. வித்தியாசம் இருக்கிறது என்று ஏற்கலாம். ஐந்தோ ஆறோ என்றால், வலது சேனலுக்கு வாங்கி வைத்திருக்கும் இரண்டாவது பாகத்தைக் கவரைப் பிரிக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் ஓர் ஈ.எஸ்.ஆர். மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.